கையில் பட்ட சாயம் கழுவினால் போகும்... உள்ளே பட்டது?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை, ஹாஸ்டல் சாப்பாட்டு ஜோக், முதல்வருக்கு நன்றி என்றுதான் இருக்கும். அதற்கு நடுவில் நான் ஒரு மருத்துவப் பரிசோதனையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது நம்ம ஊர் விஷயம். நம்மில் பல பேருக்கு வீட்டு விஷயமும் கூட.

காஞ்சிப் பட்டு என்றதும் எல்லோரும் கோர்வையைப் பேசுவார்கள், பேட்டைப் பேசுவார்கள், சரிகை அசலா என்று சுரண்டிப் பார்ப்பார்கள். தறிக்கு வருவதற்கு முன்னால் நூலுக்கு ஒரு கதை இருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் பட்டை வேகவைத்துப் பசையை எடுக்க வேண்டும். பிறகு சிட்டம் சிட்டமாகக் கோலில் மாட்டி, ஆவி பறக்கும் சாயத் தொட்டியில் திருப்பித் திருப்பி நனைக்க வேண்டும். என் அப்பாவுக்குத் தறி வேலை. மாமாவுக்குச் சாய வேலை. பிள்ளையார்பாளையம் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை. மொத்தம் நாலே ஆள். தீபாவளி நெருங்கினால் அவர் உள்ளங்கை ஒரு வாரம் வாடாமல்லி, மறுவாரம் அரக்கு. "ரெண்டு நாள்ல போயிடும்டா" என்பார். உண்மைதான், கையில் பட்டது போய்விடும். தராசில் தூளை நிறுக்கும்போது மூச்சோடு உள்ளே போனது? அதே கையால் பிசைந்து சாப்பிட்ட சோற்றோடு போனது? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ளலாம் தோழர்களே. அதற்கு வழி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வழி இருந்தும் அது ஏன் நம்ம தெருவுக்கு வரவில்லை, வந்தால் எப்படி வர வேண்டும் என்பதும் சேர்த்துத்தான்.

கதை 1895-ல் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் என்ற சாயம் செய்கிற வேலையில் இருந்த 45 பேரில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வந்திருப்பதைப் பார்த்தார். ஃபுக்சின் என்றால் வேறொன்றும் இல்லை, நாம் மெஜந்தா என்கிறோமே, அதுதான்! சாயத் தொழிலில் இந்த நோய்க்குக் காரணமான பொருள்களைப் பின்னால் வந்தவர்கள் பெயர் சொல்லியே காட்டினார்கள். பென்சிடின் என்றும் பீட்டா நாப்தைலமீன் என்றும். பென்சிடினை வைத்துச் செய்த அசோ சாயம் உடம்புக்குள் போனால், குடலில் உள்ள பாக்டீரியாவும் கல்லீரலும் அதை உடைத்து மறுபடியும் பென்சிடினாக்கி விடுகின்றன. இந்தியாவில் பென்சிடின் வகைச் சாயங்கள் 42-க்கு 1993 முதல் தடை. இன்னும் 70 அசோ சாயங்களுக்கு 1997-ல் தடை. அதற்கு முன்பே ஜெர்மனி 1994-ல் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டம் பார்த்தது துணியை உடுத்துகிறவரின் தோலை. நூலை நனைக்கிறவரின் கை அதில் வரவில்லை. எல்லாச் சாயமும் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்டிக் பொட்டலத்தில் லேபிள் இல்லாமல் வருகிற தூள் எந்த வகை என்று எங்கள் மாமாவுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. நிறம் மட்டும்தான் தெரியும்.

சரி, புற்று வந்த பிறகு கண்டுபிடிக்க ஆஸ்பத்திரி இருக்கிறது. நம்ம ஊரில் பிறந்து, புற்றுநோயால் 1969-ல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரிலேயே காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இந்த வகைப் புற்று வெளியே தெரிய இருபது முப்பது வருஷம் கூட ஆகும். அத்தனை காலம் காத்திருக்காமல் முன்கூட்டியே பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நம்ம பாஷையில் சொல்கிறேன். பாவில் ஒரு இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்வார்? தறியை நிறுத்தி, இழையை எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊடை போடுவார். நம் உடம்பிலும் செல்லுக்குள் டி.என்.ஏ. இழை தினமும் அறுகிறது, செல்லே அதை ஒட்டிக்கொள்கிறது. அறுவது அதிகமாகி ஒட்டுவது சமாளிக்க முடியாமல் போனால், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோமின் ஒரு துண்டு எந்தப் பக்கமும் சேராமல் அனாதையாக நின்றுவிடும். பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி உட்கருவாக அது தெரியும். மைக்ரோநியூக்ளியஸ் என்று பெயர். அதை எண்ணுவதுதான் பரிசோதனை!

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுவை ஆய்வகத்தில் வளர்த்து எண்ணும் முறையை 1985-ல் ஆஸ்திரேலியாவில் ஃபெனெக், மார்லி என்ற இருவர் செம்மைப்படுத்தினார்கள். இன்னும் சுலபமானது கன்னத்தின் உட்புறம். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு மரக்குச்சியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, நிறமேற்றி, ஆயிரம் இரண்டாயிரம் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டும். சாதாரண ஆளுக்கு ஆயிரத்தில் ஒன்று இரண்டு இருக்கும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு வேடிக்கை பாருங்கள்: செல்லில் டி.என்.ஏ.வை மட்டும் நிறமேற்றிக் காட்ட ஃபாயில்கன் முறை என்று ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய கரைசலை ஃபுக்சினில் இருந்துதான் தயாரிக்கிறார்கள். சாயத்தால் வந்த கேட்டைக் கண்டுபிடிக்கவும் சாயமே வேண்டியிருக்கிறது.

இன்னொரு முறை, 1988-ல் நரேந்திர சிங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் கொண்டுவந்தது. செல்லை ஜெல்லில் பதித்து மின்சாரம் பாய்ச்சினால், உடைந்த டி.என்.ஏ. மட்டும் வால் மாதிரி பின்னால் இழுபடும். வால்நட்சத்திரம் போலத் தெரிவதால் காமெட் சோதனை என்றே பெயர். அதற்குக் கருவிகள் அதிகம் வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். ஆமதாபாத்தில் பென்சிடினோடும் பென்சிடின் சாயங்களோடும் வேலை செய்த 33 தொழிலாளர்களையும், அந்த வேலையில் இல்லாத 15 பேரையும் ஒப்பிட்டு ஆய்வு செய்து 1996-ல் வெளியிட்டார்கள். அங்குள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களை எடுத்து, அவற்றின் டி.என்.ஏ.விலேயே பென்சிடின் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். சாயத்தைத் தயாரிக்கிறவருக்கும் போடுகிறவருக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் 33 பேர் தைரியமாக மாதிரி கொடுத்ததால் ஒரு உண்மை வெளியே வந்தது.

இன்னும் கிட்டே வாருங்கள், நம்ம பாலாற்றுக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தாண்டித்தானே அது நம்ம பக்கம் வருகிறது! அங்கே தோல் தொழிலில் குரோமியம். வட ஆற்காடு வட்டாரத்துத் தோல் தொழிலாளர்களைப் பரிசோதித்து, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். குரோமோசோம் கோளாறும் மைக்ரோநியூக்ளியஸும் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். அதற்கு 14 வருஷம் முன்பே, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு நிச்சயமாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்பவை இந்த நாட்டின் சட்டம் என்றும் சொன்னது. அந்த ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். காஞ்சிபுரம் அப்போது அதில்தான் இருந்தது. தீர்ப்பில் தண்ணீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் நிறைய உண்டு, உண்டாகவும் வேண்டும். தோலை மிதித்துத் துவைத்தவரின் செல்லை எண்ணிப் பார்க்கத்தான் 2010 வரை ஆனது.

அப்படியானால் நாளைக்கே ஒரு முகாம் போட்டு எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிவிடலாமா? மாமாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ரிப்போர்ட்ல கோளாறுன்னு வந்தா நாளைக்கு எவன்டா எனக்கு வேலை குடுப்பான்? உன் அத்தை நகையை மீட்கறது யாரு?" என்றார். படிக்காதவர் பயம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாமாவின் பயத்துக்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டவ் கெமிக்கல் நிறுவனம் 1960களிலேயே தன் தொழிலாளர்களின் குரோமோசோமைப் பார்க்கத் தொடங்கியது. 1970களின் பிற்பகுதியில், பென்சீனோடு வேலை செய்தவர்களுக்குச் சேதம் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே சொன்னபோது, நிர்வாகம் அந்த முடிவை ஏற்கவில்லை. பரிசோதனைத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. இதே நாட்டில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில், அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் நிறமித் தொழிற்சாலையில், 1978-ல் ஈயம் கருவைப் பாதிக்கும் என்று காரணம் காட்டினார்கள். காரணம் சரிதான். ஆனால் ஈயத்தைக் குறைக்கவில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் கருத்தடை செய்திருந்தால்தான் அந்தப் பிரிவில் வேலை என்றார்கள். ஐந்து பெண்கள் வேலைக்காக அறுவை செய்துகொண்டார்கள். கொட்டுகிற தேளை விட்டுவிட்டு, கடிபட்ட காலை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிற நியாயம் இது!

இந்த இடத்தில் விஞ்ஞானம் நம்ம பக்கம் நிற்கிறது. மைக்ரோநியூக்ளியஸ் எண்ணிக்கையை வைத்து ஒரு தனி மனிதரிடம் "உங்களுக்குப் புற்று வரும்" என்று யாராலும் சொல்ல முடியாது. வயது, பீடி, புகையிலை, கீரை காய்கறி குறைந்த சாப்பாடு, எல்லாமே எண்ணிக்கையை ஏற்றும். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவர்களின் கன்னத்தில் இதை 1980களின் தொடக்கத்திலேயே கனடாவின் ஹான்ஸ் ஸ்டிச் எண்ணிக் காட்டிவிட்டார். ஆனால் கூட்டமாகப் பார்த்தால் கதை வேறு. 10 நாடுகளில் 6718 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், எண்ணிக்கை கூடுதலாக இருந்த கூட்டத்தில் பிற்காலத்தில் புற்று அதிகமாக வந்தது தெரிந்தது. ஆக இது ஆளுக்குப் போடுகிற மார்க் இல்லை, பட்டறைக்குப் போடுகிற மார்க்! நாலு ஆளுக்குச் சராசரி எடுத்தால் ஒன்றும் நிற்காது. பத்துப் பட்டறை சேர்ந்தால் நிற்கும். ஒப்பிட ஆள் வேண்டுமா? எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதே குழாய்த் தண்ணீர், அதே ரேஷன் அரிசி, அதே வெற்றிலை, சாயம் மட்டும் கிடையாது. தறி நெசவாளிகளைத்தான் சொல்கிறேன். இப்படி ஒரு ஒப்பீட்டுக் கூட்டம் தானாக அமைந்த ஊர் வேறு எங்கே கிடைக்கும்?

அதனால் என் கருத்து இதுதான். பரிசோதனை வரட்டும். ஆனால் அவரவர் தாள் அவரவர் கையில் மட்டும். முதலாளிக்கும் அதிகாரிக்கும் போவது பட்டறைகளின் சராசரி மட்டும், பெயர் இல்லாமல். ஒருவர்கூட வேலையை விட்டு நிறுத்தப்படக் கூடாது என்று எழுதி வாங்கிய பிறகுதான் குச்சியைக் கன்னத்தில் வைக்க வேண்டும். எண் கூடுதலாக வந்தால் மாற வேண்டியது ஆள் இல்லை, பட்டறை. கன்னத்துச் செல் ஒன்று முதல் மூன்று வாரத்தில் மேலே வந்து உதிர்ந்துவிடும். ஆகவே பட்டறையைத் திருத்தினால் ஓரிரு மாதத்தில் மறுபடி எண்ணிப் பார்த்து, குறைந்ததா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான வேலை செய்பவருக்கு உடல்நலப் பதிவேடு வைக்க வேண்டும், அவர் கேட்டால் அதைக் காட்டவும் வேண்டும் என்றது அது. நல்ல பிரிவுதான். ஆனால் அந்தச் சட்டப்படி தொழிற்சாலை என்றால் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் வேண்டியிருந்தது. 2020-ல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டம் அதை 20, 40 என்று ஏற்றியது. அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, நாலு பேர் பட்டறை எதிலும் வராது. மாமா மாதிரி ஆட்களுக்குப் பதிவேடும் இல்லை, கேட்கும் உரிமையும் இல்லை.

அரசு அறிவிக்கும்போது அறிவிக்கட்டும். எங்கள் குழு மூன்று பேர் இந்த வருஷ புராஜெக்டுக்கு ஒரு தலைப்பு யோசித்திருக்கிறோம்: சாயத் தொட்டிக்கு மேலே ஆவியை இழுக்கிற ஒரு கூண்டு, தூள் நிறுக்கும் இடத்துக்கு மூடியோடு ஒரு பெட்டி. தகரமும் வெல்டிங்கும் எங்களுக்குக் கைவந்த வேலை. மோட்டாருக்கு எலக்ட்ரிக்கலில் ஒருவர் வேண்டும். அந்தத் தாழ்வான ஓட்டுக் கூரையில் குழாயை எங்கே வெளியே விடுவது என்று சொல்ல சிவிலில் ஒருவர் வேண்டும். பக்கத்துக் கலைக் கல்லூரியில் விலங்கியல் படிக்கும் நண்பர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், நுண்ணோக்கி அவர்களிடம்தான் இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்கு வரலாம். தலைப்பு கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.