இரவு ஷிப்டில் கொட்டிப்போனால் யாருக்குச் சொல்வது?

நமது சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். தென் குஜராத்தில் ஒரு ரசாயனத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் இன்சார்ஜாகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். பாயசம் வரும் நேரத்தில் கேட்டார்: "சார், ராத்திரியிலே டேங்க் வழிஞ்சு வெளியே போயிட்டா யாருக்குச் சொல்லணும்? மேனேஜருக்குச் சொன்னா போதுமில்லே?"

போதாது என்றேன். எதிர்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்கள், பையனைக் கெடுக்கிறானே என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 31-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விபத்தினாலோ எதிர்பாராத நிகழ்ச்சியினாலோ கழிவு ஆற்றிலோ, கிணற்றிலோ, சாக்கடையிலோ, நிலத்திலோ கலந்து நீர் கெட்டால், கெடக்கூடும் என்ற நிலை இருந்தால்கூட, அந்த இடத்தின் பொறுப்பில் இருப்பவர் உடனே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்திலும் 9-வது பிரிவு இதையே சொல்கிறது. அபாயகரமான ரசாயனங்களால் பெரிய விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதிகள் தனியே கூறுகின்றன. கவனியுங்கள், 31-வது பிரிவு முதலாளி என்று சொல்லவில்லை, பொறுப்பில் இருப்பவர் என்றுதான் சொல்கிறது. இரவு இரண்டு மணிக்கு அது யார் என்று நாளை விசாரணையில் கேட்டால், ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்ட பெயர்தான் முதலில் கண்ணில் படும். இங்கே அந்தக் கையெழுத்துகளில் பல நம் வீட்டுப் பிள்ளைகளுடையவை.

உபதேசம் செய்ய எனக்குத் தகுதி குறைவு. பல வருஷங்களுக்கு முன் நானும் அப்படியொரு ஷிப்டில் இருந்தேன். லெவல் காட்டும் கருவி சிக்கிக்கொண்டு, அமிலக் கழிவு தொட்டி நிரம்பி வழிந்து, மழைநீர்க் கால்வாய் வழியே பின்புறக் காடியில் போய்ச் சேர்ந்தது (ஓடையை இங்கே காடி என்பார்கள்). மேலதிகாரிக்கு போன் செய்தேன். "தண்ணி விட்டு அலம்பிடு, காலையில் பார்க்கலாம்" என்றார். அலம்பினேன். அலம்புவது என்றால் இன்னும் வேகமாகக் காடிக்குத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான். ரிஜிஸ்தரில் 'தரை கழுவப்பட்டது' என்று எழுதினேன். காலையில் வீடு திரும்பும்போது ஒருவர் எருமைகளை அந்தக் காடியில் இறக்கிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் இத்தனை காலமும் சொல்லிக்கொள்கிறேன். போய் விசாரிக்கவில்லை என்பதே சரி.

விஷம் போனால்தானே சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2018 மே மாதம் பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்துச் சர்க்கரை ஆலை ஒன்றிலிருந்து பியாஸ் நதியில் கலந்தது வெல்லப்பாகுக் கழிவு. நாம் சாப்பிடும் சர்க்கரையின் மிச்சம்! நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த இனிப்பைத் தின்று பெருகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதந்தன. மிதந்த மீன்கள்தான் ஊருக்குச் செய்தி சொல்லின. ஆலைக்கு ஐந்து கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்த நீர் கால்வாய்கள் வழியே ராஜஸ்தான் வரை குடிக்கப் போகிற நீர். ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் ஒரு மதகையாவது மூடலாம், ஒரு பம்பையாவது நிறுத்தலாம்.

சட்டத்திலும் குறை உண்டு. 31-வது பிரிவின்படி தகவல் போவது வாரியத்துக்கும் அரசு குறிப்பிடும் அலுவலகங்களுக்கும்தான். கீழே எருமை குளிப்பாட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. வாரியத்துக்குச் சொல்லும்போதே அருகிலுள்ள பஞ்சாயத்துக்கும் சொல்லியாக வேண்டும் என்று விதி வர வேண்டும். இன்னொன்று, உண்மையைத் தெரிவிப்பவன் தன் மீதே வழக்குக்குச் சாட்சி எழுதிக் கொடுப்பதாக நினைத்துப் பயப்படுகிறான். மறைத்தால் நெடுங்காலம் மூன்று மாதச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஏற்ற மாநிலங்களில் சிறை போய், பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் வரை அபராதம் என்றாகியிருக்கிறது. தொகை உயர்ந்தது நல்லதுதான். ஆனால் உடனே சொன்னவனுக்குச் சலுகை, மறைத்தவனுக்குக் கடுமை என்று வேறுபாடு தெளிவாக இருந்தால்தான் இரவில் போனை எடுக்கக் கை நீளும்.

இளைஞரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். முதலில் மழைநீர்க் கால்வாயை மணல்மூட்டை போட்டு அடை. மேனேஜருக்குச் சொல். அதோடு நிற்காமல் வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்கும் சொல். யாரும் போனை எடுக்காவிட்டால் எழுத்தில் அனுப்பி, நேரத்தைக் குறித்து வை. ரிஜிஸ்தரில் நடந்ததை நடந்தபடி எழுது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாரிய அலுவலக எண்ணையும் வாங்கிக் குறித்துக்கொண்டார். கை கழுவும் இடத்தில் மெதுவாக, "வேலை போயிட்டா சார்?" என்றார். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு இருக்கிறாளாம். எனக்குப் பதில் வரவில்லை. நம் சங்கத்தில் வக்கீல்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்று செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.