வழுக்கையாற்றுக்குப் போக ஒரு பாடவேளை

ஓ.எல். சோதனைக்கு நாங்கள் ‘நற்போசணையாக்கம்’ பாடமாக்கினோம். நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடினால் அல்கா பெருகும், ஒட்சிசன் குறையும். எழுதினோம், புள்ளியும் வந்தது. ஆனால் மாரி முடிய எங்கட வழுக்கையாறு பச்சையாய்த் தேங்கிக் கிடந்தபோது, அதுதான் இது என்று ஒருத்தருக்கும் பிடிபடவில்லை.

யாழ் குடாநாட்டில் மழைக்கு ஓடுகிற ஆறு இது. அராலியில் கடல்நீரேரியில் விழும். வயலுக்குப் போட்ட உரம் அதிலும் கலக்கும், சுண்ணாம்புக்கல் வழியே நிலத்தடிக்கும் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள்.

அதனால் கேட்கிறோம்: மாரியில் கிழமைக்கு ஒரு பாடவேளை பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வெப்பமானி, நைத்திரேற்றுச் சோதனைத்தாள், ஒரு சின்ன வலை போதும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளந்து கொப்பியில் எழுதட்டும். வலையில் தும்பிக் குடம்பி வருகுதா, சிவப்புப் புழு மட்டும்தானா என்றும் பார்க்கட்டும். புழு மட்டும் என்றால் ஒட்சிசன் குறைந்திருக்கலாம்.

“சிலபஸ் முடியாது, பாம்பு கிடக்கும்” என்பார்கள். கையால் அளந்த பாடத்தைத் திரும்பப் பாடமாக்கத் தேவையில்லை. வயல்வரம்பில் நடந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாம்பும் புதிசில்லை. ஐந்து மாரி இப்படி எழுதினால், ஊர்த் தண்ணீர் பற்றி ஊரிடமே ஒரு கணக்கு இருக்கும்.