பொத்தானா, உடலசைவா?

எமது மாணவர் இருவர் சென்ற வாரம் ஒரு வழக்கோடு எம்மிடம் வந்தனர். தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்குப் பொத்தான்கள் பொருந்திய பழைய கைக்கருவி சிறந்ததா, உடலசைவை உணரும் கருவி சிறந்ததா என்பதே வழக்கு. "கையை வீசி ஆடுவதல்லவோ விளையாட்டு, ஐயா!" என்றான் ஒருவன். "வீசினால் களைப்புத்தான் மிஞ்சும், குறி தப்பும்" என்றான் மற்றவன். தீர்ப்புக் கூறுமுன் இரு கட்சியின் வரலாற்றையும் விசாரிப்பதுதானே முறை?

யப்பானின் கியோத்தோ நகரில் 1889 இல் விளையாட்டுச் சீட்டுகள் செய்யும் தொழிலகமாகத் தோன்றியது நிண்டெண்டோ நிறுவனம். அதன் பொறியியலாளர் குன்பெய் யொக்கோய் என்பார், 1982 இல் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியிலே சிலுவை வடிவப் பொத்தானை அமைத்தார். ஒரு பெருவிரலைக் கொண்டே நாற்றிசையும் செல்ல அது வழி செய்தது. பின்னர் 1996 இல் நிண்டெண்டோவும், 1997 இல் சோனியும் பெருவிரலாற் சாய்க்கும் சிறு கோல்களைச் சேர்த்தன. பொத்தான்களும் பெருகின. ஆர்மோனியக் கட்டைகளைப் போல, பழகிய விரல்களுக்கு அவை இனியன. பழகாதவருக்கோ அச்சம் தருவன. இளைஞர் ஆட, பெரியோர் பார்த்திருக்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இந்நிலையை மாற்ற எண்ணிய நிண்டெண்டோ 2006 நவம்பரில் 'வீ' என்னும் கருவியை வெளியிட்டது. அதன் கைக்கோலினுள் ஆர்முடுகலை அளக்கும் உணரி ஒன்று உண்டு. சிலிக்கனாலான நுண்ணிய திணிவொன்று விற்சுருள்களைப் பற்றி நிற்கும். கை அசையும்போது அது சற்றே இடம் பெயரும். அப்பெயர்ச்சி மின்குறியாக மாறும். தொலைக்காட்சியருகே வைக்கும் சட்டமொன்று கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்களை உமிழ, கோலின் நுனியிலுள்ள கமரா அவற்றைக் கண்டு, கோல் எத்திசையைச் சுட்டுகின்றது என்பதை அறியும். டெனிஸ் ஆட வேண்டுமாயின் கையை வீசினாற் போதும். அமெரிக்காவின் முதியோர் இல்லங்களிலும் இக்கருவியைக் கொண்டு பந்துருட்டி மகிழ்ந்தனர். பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீ கருவிகள் விற்பனையாகின.

நிற்க. குறைகளும் விரைவில் வெளிப்பட்டன. ஆர்முடுகலை மட்டும் கொண்டு கையின் நிலையைத் திட்டமாக அறிய இயலாது. முழுக்கையையும் வீச வேண்டிய இடத்தில், மணிக்கட்டைச் சற்றே சொடுக்கி வெல்லலாம் என்பதைச் சிறுவர் கண்டுகொண்டனர். சுழற்சியை அளக்கும் உணரியை 2009 இலே நிண்டெண்டோ துணைக்கருவியாகச் சேர்க்க நேர்ந்தது. கை நழுவிக் கோல் பறந்ததுமுண்டு. அதனால் 2006 டிசம்பரிலேயே வலுவான மணிக்கட்டு வார்களை அந்நிறுவனம் மாற்றிக் கொடுத்தது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட கினெக்ட், கைக்கருவியே வேண்டாமென்றது. ஆடுபவரின் உடலையே கமராவால் நோக்கியது. எனினும் அதற்கு அகன்ற அறை வேண்டும். அசைவுக்கும் திரையிற் காணும் விளைவுக்கும் இடையே தாமதமும் இருந்தது. திரையில் வாள் கேடயத்தில் மோதி நிற்கும். வீசிய கையோ வெறுங்காற்றில் மேலும் செல்லும். பொத்தானோ அமுக்கியதும் விரலுக்கு விடை சொல்லும். கினெக்டுடன் 499 டொலருக்கு 2013 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் வண், மறு ஆண்டிலேயே கினெக்ட் இன்றி 399 டொலருக்கு விற்கப்பட்டது. 2017 இல் கினெக்டின் உற்பத்தி நின்றது.

இவ்வாறாயின் பொத்தானே வென்றது எனலாமோ? வெற்றியைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. இவ்விளையாட்டில் வாயிலுக்கு வெளியே நிற்பவர் யார்? பொத்தான்களின் பெருக்கம் பழகாதவரை வெளியே நிறுத்தியது. எழுந்து நின்று கையை வீசு என்ற கட்டளையோ, சக்கர நாற்காலியில் இருப்பவரையும் கை வலுவற்றவரையும் வெளியே நிறுத்தியது. 2011 இல் வெளியான செல்டா விளையாட்டொன்றில் அசைவினால் மட்டுமே வாள் வீச முடிந்தது. 2021 இல் அதனைத் திருத்தி வெளியிட்டபோது பொத்தான்களாலும் ஆட இடமளித்தனர். 2018 இல் மைக்ரோசொப்ட், உடற்குறை உடையோருக்கென இரு பெரும் பொத்தான்களும், வேண்டிய ஆளிகளை இணைக்கும் பல துளைகளும் கொண்ட கைக்கருவியை வெளியிட்டது. காலாலோ முழங்கையாலோ ஆடவும் அதனால் வழி பிறந்தது.

இன்று இரண்டும் ஒரே கைக்கருவியிற் கூடி வாழ்வதையும் காண்கின்றோம். 2015 இல் வந்த ஸ்பிளட்டூனில் கோலைச் சாய்த்துப் பெருந்திருப்பம் செய்வர். கைக்கருவியை மெல்லச் சரித்து நுண்ணிய குறி பார்ப்பர். அசைவு வேண்டாதவர் அதனை நிறுத்தியும் விடலாம்.

ஆகவே மாணவருக்கு நாம் அளித்த தீர்ப்பு இதுவே: "தம்பிமாரே, எது சிறந்தது என்று கருவியைக் கேளாதீர்கள், அருகில் இருப்பவரைக் கேளுங்கள். தோழனோடு போட்டியிடும்போது பொத்தானை எடுங்கள். அம்மம்மாவும் ஆட விரும்பினால் அசைவுக் கோலை அவர் கையிற் கொடுங்கள். அவருக்குத் தோள் வலியிருப்பின், அவரால் அமுக்கக் கூடிய ஒரு பொத்தானைத் தேடிக் கொடுங்கள்." வழக்காட வந்த இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், தன் அம்மம்மாவை இதுவரை ஆட அழைத்ததேயில்லை என்றான் ஒருவன்.