எல்லைக் கோடும் சர்வே நெம்பரும்

கட்டுமாவடிக் குடியானவர்கள் இப்பொழுது மூன்று படங்களுக்கு உட்பட்டவர்கள். 2020-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் மணமேல்குடி வட்டாரம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்ந்தது. புதிதாய் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட அங்கு இடமில்லை. 2022-இல் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பு கடற்பசுக் காப்பகமாயிற்று. முன்னது வட்டாரம் முழுவதையும் தழுவியது. பின்னது கடலில் உள்ளது. ஆதலின் இவ்விரண்டிலும் வரப்புத் தகராறு இல்லை.

தொல்லையெல்லாம் 1991 முதல் நடைமுறையிலிருக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தினால்தான். அதன் திட்டப் படம் 1:25,000 அளவுள்ளது. படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 25 மீட்டர். கோட்டின் கனத்திலேயே ஒரு வரப்பு மறைந்துபோகும். தம் புன்செய் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்கு உட்பட்டதா என்பதை, நிலம் கிரயம் வாங்குகிறவர் இதைக்கொண்டு எங்ஙனம் அறிவார்? தரகர் கைகாட்டும் தூரத்திற்குக் கடலும் பின்வாங்கும் போலும்!

மைலுக்குப் பதினாறு அங்குலமான 1:3960 அளவுக் கிராமப் படத்தின்மீதே எல்லையை வரைய வேண்டுமென்று 2011-ஆம் வருஷத்து அறிவிக்கை விதித்தது. அப்படம் ஊராட்சி அலுவலகச் சுவரில் யாவரும் காணத் தொங்க வேண்டுமென்பது எமது அபிப்பிராயம். கோடு குறுக்கிடும் புலங்களின் சர்வே நெம்பரை, உட்பிரிவுடன், கிராம நிர்வாக அலுவலர் தனியே ஜாபிதா செய்து வைத்தல் அவசியம். பட்டாதாரர்களும் அடுத்த ஜமாபந்தியில் புலப்படத்துடன் மனுச் செய்து, கோடு தம் நிலத்தில் எவ்விடத்தில் விழுகிறதென்பதை எழுத்து மூலம் கேட்பார்களாக.