மைப்பேனாவைக் கொன்றது யார்?



கடந்த செப்டம்பர் பள்ளி விடுமுறையில் பாரிஸ் மாநகருக்குச் செல்லும் வாய்ப்பு கிட்டியது. அங்குச் செல்வோர் ஐஃபெல் கோபுரத்தையும் லூவர் அருங்காட்சியகத்தையும் பட்டியலிட்டுக் கொண்டு செல்வர். என் பட்டியலில் இருந்தவையோ எழுதுபொருள் கடைகள்! மைப்பேனாவின்மீது எனக்குச் சிறு வயது முதலே தீராத பற்று. தனக்குத்தானே மையூட்டிக் கொள்ளும் பேனாவுக்கு 1827ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிரெஞ்சு அரசிடம் காப்புரிமை பெற்றவர் பெத்ராகே பொயனாரு என்னும் ருமேனியர். அப்போது அவர் பாரிஸில் படித்துக் கொண்டிருந்த மாணவர். ஆகவே எனக்கு அது சுற்றுலா அன்று, யாத்திரை.

முதலில் செய்ன் ஆற்றின் இடக்கரையில், லூவருக்கு எதிரே, வோல்த்தேர் கரைச்சாலையில் உள்ள சென்னெலியே கடைக்குச் சென்றேன். 1887இல் தொடங்கிய கடை. ஓவியர்களுக்குரியதுதான் என்றாலும், பழைய மர அலமாரிகளில் அடுக்கியிருந்த தாள்களையும் மைக்குப்பிகளையும் கண்டு நெடுநேரம் நின்றுவிட்டேன். பின்னர் ஆற்றைக் கடந்து மரே பகுதியின் லூயி பிலிப் பாலத் தெருவுக்குச் சென்றேன். காகிதக் கடைகளுக்குப் பெயர்பெற்ற தெரு அது. சென்ற நாளோ திங்கட்கிழமை. கதவுகள் அடைத்துக் கிடந்தன. ஞாயிறும் திங்களும் பாரிஸின் சிறு கடைகள் பல திறப்பதில்லை என்பதை அறியாமல் சென்றது என் பிழை. மறுநாள் மீண்டும் சென்றேன். கண்ணாடிப் பேனாக்கள், அரக்கு, முத்திரைகள், 1670ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் எர்பேன் நிறுவனத்தின் மைகள் என்று கண்ணைப் பறித்தன. ஆனால், கடையில் நின்றவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள். பொருள்களைப் புகைப்படம் எடுத்தார்கள்; விலையைப் பார்த்தார்கள்; மெல்லத் திரும்ப வைத்தார்கள்.

"ஆகா! இவர்கள் பழமையைப் போற்றத் தெரிந்தவர்கள். நம் ஊரில் இப்படி ஒரு கடை உண்டா?" என்று வழக்கமான பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெருமூச்சு எவ்வளவு மூடத்தனமானது என்பதை அன்று மாலையே உணர்ந்தேன்.

தண்ணீரும் ரொட்டியும் வாங்க, தங்கியிருந்த விடுதிக்கு அருகிலுள்ள பேரங்காடிக்குள் நுழைந்தேன். கல்வியாண்டு தொடங்கி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் இடையே பள்ளிப் பொருள்களுக்கென ஒரு நீண்ட வரிசை. அங்கே அட்டையில் செருகித் தொங்கின மைப்பேனாக்கள்! நெகிழியால் ஆனவை, நீலம், சிவப்பு, பச்சை. பெரும்பாலானவை பத்து யூரோவுக்கும் குறைவு. எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி அவற்றுள் இரண்டைக் கையில் பிடித்துப் பார்த்துக் கொண்டிருந்தாள். அவள் தாயின் கையில் பள்ளி கொடுத்த பட்டியல் இருந்தது. அச்சிறுமிக்குப் பழமையும் தெரியாது, மரபும் தெரியாது. பள்ளி கேட்டது, வாங்க வந்திருந்தாள். அவ்வளவுதான்.

அன்பர்களே, நான் இரண்டு நாள்களாகத் தேடியலைந்த கடை அதுதான். மற்றவை அதன் நிழல்கள்.

சற்று ஆராய்ந்து பாருங்கள். பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் கூட்டெழுத்தைத் தொடக்கத்திலேயே கற்கிறார்கள். அதற்கென ஒரு கோட்டு முறையே உண்டு. பொந்துவாஸ் நகரத்துப் புத்தக வணிகர் செயெஸ் என்பவர் 1892இல் பதிவு செய்த முறை அது. எட்டு மில்லிமீட்டர் கட்டங்கள். அவற்றுள் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கோடுகள். எந்த எழுத்து எந்தக் கோடுவரை எழ வேண்டும் என்று குழந்தைக்குத் தாளே சொல்லிக் கொடுக்கிறது. வோஜ் மலைப்பகுதியில் 1858இல் தொடங்கிய கிளேர்ஃபொந்தேன் ஆலை, சதுர மீட்டருக்கு 90 கிராம் எடையுள்ள வழவழப்பான தாளில் பள்ளி ஏடுகளைச் செய்கிறது. அத்தாளில் மை பரவுவதில்லை. மறுபக்கம் ஊடுருவுவதும் இல்லை.

குழந்தை பிழை செய்யுமே? அதற்கும் விடை கண்டிருக்கிறார்கள். பள்ளிகளில் பயன்படும் நீல மை, நீரில் கழுவினால் போகக்கூடியது. அதற்கென்றே மையழிப்பான் ஒன்றும் உண்டு. அதன் ஒரு முனை நீலத்தை நிறமற்றதாக்கும். அந்த இடத்தில் அதே மை மீண்டும் நிற்காது என்பதால், மறுமுனையிலுள்ள அழியாத மையால் திருத்தி எழுதலாம். ஏழை வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பள்ளி தொடங்கும்முன் அரசே உதவித்தொகை வழங்குகிறது. அத்திட்டம் 1974 முதல் நடப்பில் உள்ளது.

பாடத்திட்டம், கோடு, தாள், மை, அழிப்பான், உதவித்தொகை. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் கடை! கடையை மட்டும் பார்த்து ஏங்குவது, மரத்தை நடாமல் பழத்துக்கு ஏங்குவது போன்றது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் தன் தாத்தாவின் மைப்பேனாவைக் கொண்டு வந்தான். அன்றே மை கசிந்து வெள்ளைச் சட்டை நீலமாயிற்று. பக்கத்திலிருந்தவனின் பயிற்சிப் புத்தகமும் பாழாயிற்று. "இனி இதைப் பள்ளிக்குக் கொண்டு வராதே" என்றேன். அவன் கொண்டு வரவில்லை. அதன்பின் என் வகுப்புக்கு எவருமே கொண்டு வரவில்லை. எனக்குப் பிடித்த பேனா என் சட்டைப்பையில் இருந்தது. என் மாணவனின் பேனாவோ பையிலிருந்து வீட்டுக்குப் போயிற்று. சட்டை கறைபடும் என்றபோது அவர்கள் கழுவினால் போகும் மையைச் செய்தார்கள். நான் தடை விதித்தேன். மைப்பேனாவைக் கொன்றது யார் என்று கேட்டால், கைவிலங்கிட முதலில் நீட்ட வேண்டியது என் கையைத்தான்.

"காலம் மாறிவிட்டது ஐயா, இனி எல்லாம் விசைப்பலகைதானே?" என்பார் சிலர். இக்கட்டுரையையும் நான் தட்டச்சு செய்துதான் எழுதுகிறேன், மறுக்கவில்லை. பின்லாந்து 2016இல் கூட்டெழுத்துப் பயிற்சியைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. பிரான்சும் பேனாவின் சொர்க்கபூமி அன்று. 1950இல் பந்துமுனைப் பேனாவை மலிவாக்கி உலகெங்கும் பரப்பிய பிக் நிறுவனம் அந்நாட்டினுடையதே. 1965இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சே பந்துமுனைப் பேனாவை வகுப்பறையில் ஏற்றுக்கொண்டது. மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடநூல் வாங்கிய சேன் மிஷேல் சதுக்கத்து ஜிபேர் ஜூன் கடைகள் 2021இல் மூடப்பட்டன. அங்கும் கடைகள் சாகின்றன.

ஆனால், "எழுதுவது தேவையில்லை" என்பதை மட்டும் ஏற்க முடியாது. 2005இல் மரீக் லோங்காம்ப் என்னும் பிரெஞ்சு ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கையால் எழுதியும் மறு பிரிவினருக்குத் தட்டச்சு செய்தும் எழுத்துகளைக் கற்பித்தனர். அவர்களுள் வயதில் மூத்த குழந்தைகளிடையே, கையால் எழுதியவர்களே எழுத்துகளை மேலாக அடையாளம் கண்டனர். 2024இல் நார்வேயில் 36 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஆய்வும், கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளிடையே தொடர்பு விரிவடைவதைக் காட்டியது. நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நார்வே மாணவர்கள் எழுதியது மைப்பேனாவால் அன்று. மின்னணுப் பேனாவால் திரையில்! எனவே இவ்வாய்வுகள் கைக்குத்தான் சான்று, மைப்பேனாவுக்கு அல்ல.

பின் மைப்பேனா எதற்கு? பந்துமுனைப் பேனா அழுத்தினால்தான் எழுதும். மைப்பேனாவில் மை நுண்துளை ஈர்ப்பால் தானே இறங்கி முள்ளின் முனைக்கு வருகிறது. தாளைத் தொட்டாலே போதும். 'ழ'வின் வளைவையும் 'ஞ'வின் சுழியையும் 'இ'யின் சுற்றையும் எழுதும் பிஞ்சு விரல்களுக்கு அந்த இலகு பெரிய உதவி அன்றோ? அழுத்தி அழுத்தி எழுதி, அரைப்பக்கத்திலேயே "கை வலிக்கிறது ஆசிரியர்" என்று விரலை உதறும் பிள்ளையை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அவனைச் சோம்பேறி என்று திட்டியதும் நாம்தாமே?

பேனா ஆர்வலர்களுக்கும் ஒரு சொல். ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துத் தங்கமுள் பேனாக்களை வாங்கிப் பேழைக்குள் பூட்டி வைக்கிறோம். அதனால் மைப்பேனா வாழாது; நகைக்கடைப் பொருளாக மாறும். ஒரு பொருளை நகையாக்குவதும் அதைப் புழக்கத்திலிருந்து அகற்றுவதற்கு ஒரு வழிதான்.

பந்துமுனைப் பேனாவைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடைகளால் விளைந்த கேடு போதும். நான்காம் ஆண்டு முதல் வாரத்திற்கு ஒரு பக்கம். அது மைப்பேனாவால் எழுதப்படட்டும். விலை குறைந்த பேனா, கழுவினால் போகும் நீல மை, மை ஊறாத நான்கைந்து தாள்கள் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு ஒரு வகுப்புக்குரிய பேனாக்களை வாங்கிப் பள்ளியிலேயே வைத்துக் கொள்ளலாம். விரைவுணவகத்தில் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கொண்டாடும் பெற்றோர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

என் பயணப்பெட்டியில் அந்தப் பேரங்காடிப் பேனாக்கள் பத்து வந்திருக்கின்றன. என் வகுப்பில் மாணவர்கள் முப்பது. மூன்று பேருக்கு ஒன்று என்று அடுத்த வாரம் தொடங்குகிறேன். சட்டைகள் கறைபடும், சில தாய்மார்கள் பள்ளிக்கு வந்து கேட்பார்கள். இம்முறை விடை என்னிடம் உண்டு: "கழுவினால் போய்விடும், அம்மா."

சிந்திப்போம், செயல்படுவோம்.