நாரிப் பிடிப்பும் நெட்டி முறிப்பும்

மாசி மாதத்தில் மன்னார் சென்றிருந்தபோது, பேசாலையிலிருந்து தீவின் குறுக்காகத் தென்கடற்கரைக்குப் போய் ஒரு காலைப் பொழுது முழுவதும் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாடைக்காலம் முடியும் வரை அந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். சோளகம் எழுந்தால் தொழில் வடகடலுக்கு மாறிவிடும். காற்றாலைகள் கரையோரமாக வரிசையிட்டு நிற்கின்றன. அவற்றின் கீழே இருபதுக்கு மேற்பட்ட ஆண்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, இடுப்பில் கட்டிய கயிற்றுப் பட்டையின் நுனியை வலைக்கயிற்றில் கொளுவி, உடலைப் பின்னே சாய்த்து, மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடக்கிறார்கள். கயிற்றின் கடைசிக்கு வந்தவர் கொளுவியைக் கழற்றிக்கொண்டு மீண்டும் நீர் விளிம்புக்கு ஓடுகிறார். மடி கரைக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகிறது. இந்தத் தொழிலின் முழுப் பாரமும் நாரியில்தான் இறங்குகிறது. நாங்கள் நாரி என்பதைத் தமிழகத்து வாசகர்கள் அடிமுதுகு என்று வாசித்துக்கொள்ளலாம்.

வாடியின் நிழலில் இழுக்காமல் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைக்கு மேலே அகலமான இடுப்புப் பட்டி ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். கனடாவிலிருந்து மருமகன் அனுப்பியதாம். ஓராண்டாகக் கழற்றுவதில்லை. நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினார். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், மேசையில் ஒருக்களித்துக் கிடந்த ஒருவரின் தோளையும் இடுப்பையும் பிடித்துச் சடாரென்று திருப்புகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். கிடந்தவர் சிரித்துக்கொண்டு எழுந்து நடக்கிறார்.

"ஐயா, இதைச் செய்தால் என்ர நாரி நேராகுமா? கொழும்பில செய்யினமாம். இல்லையெண்டால் இந்தியாவுக்குப் போகலாம் எண்டு மருமகன் சொல்லுறான். மனிசியின்ர சங்கிலியை வைச்சால் காசு பிரட்டலாம்."

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்று அவருக்குச் சொல்ல முயன்றதையும், பின்னர் வாசித்துத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. முப்பத்தைந்து ஆண்டுகள் கதிரையில் குனிந்திருந்து படி திருத்தியவனுக்கு நாரி நோ வராதிருந்தால்தான் அதிசயம். 2011 இல் ரொறன்ரோவுக்குப் போயிருந்தபோது கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் பிடித்துக்கொண்டது. உறவினர் ஒருவர் ஸ்காபரோவில் ஒரு கைரோபிராக்டரிடம் அழைத்துச் சென்றார். கனடாவில் அது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். கார் விபத்தில் அடிபட்ட நம்மவர்கள் காப்புறுதிப் பணத்தில் அங்கே போய்வருவது வழமை. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியும் ஒரு காலத்தில் அதற்கு ஓரளவு பணம் கொடுத்தது. 2004 இல் நிறுத்திவிட்டது. எனக்கும் அதே திருப்பல், அதே 'டக்'. இறங்கி நடந்தபோது உடம்பு பாரம் குறைந்ததுபோல் இருந்தது உண்மை. மூன்றாம் நாள் பழையபடி பிடித்துக்கொண்டது. ஆறு தடவை போனேன். நோ குறைந்தது. ஆனால் அந்த மூன்று வாரங்களும் நாள்தோறும் ஏரிக்கரையில் நடந்தும் வந்தேன். எது குணமாக்கியது என்று இன்றும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. இடுப்பெலும்பு ஒரு பக்கம் அரை அங்குலம் ஏறியிருக்கிறது, ஓராண்டுக்கு வாரம் இரு தடவை வரவேண்டும் என்று அங்கே சொன்னார்கள். நான் இலங்கைக்குத் திரும்பிவிட்டேன். எலும்பு ஏறிய இடத்திலேயே இருக்கிறதோ என்னவோ, நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வைத்தியத்தின் பிறப்புக் கதை சுவையானது. 1895 செப்டெம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவென்போர்ட் நகரில் டானியல் டேவிட் பாமர் என்பவர், செவிப்புலன் குன்றியிருந்த ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடக் காவலாளியின் முள்ளந்தண்டில் ஓர் என்பைத் தள்ளிச் சரிசெய்தார் என்றும், காது கேட்கத் தொடங்கியது என்றும் வரலாறு. பாமர் அதற்கு முன் பலசரக்குக் கடை நடத்தியவர். பிறகு 'காந்த வைத்தியம்' செய்தவர். 1897 இல் ஒரு பாடசாலையையும் தொடங்கிவிட்டார். நோய்களில் பெரும்பாலானவை முள்ளென்புகள் இடம் விலகி நரம்பை அழுத்துவதால் வருகின்றன என்பதே அவர் கோட்பாடு. செவி நரம்பு முள்ளந்தண்டு வழியாகப் போவதேயில்லை, அது மண்டையோட்டுக்குள்ளேயே மூளையிலிருந்து காதுக்குப் போகிறது என்பதை உடற்கூற்றியல் படித்த எவரும் சொல்வார்கள். கையால் என்பைத் தள்ளும் கலையோ பாமருக்கு மிக முந்தியது. நமது முறிவு நெரிவு வைத்தியர்களும் ஐரோப்பியக் கிராமங்களின் என்பு பொருத்துபவர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான். கால் முந்திப் பிறந்த பிள்ளையைக் கொண்டு நாரியில் மிதிப்பிக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. என் பாட்டிக்கு நானே ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சத்தம்தான் எல்லாரையும் மயக்குகிறது. விலகிய எலும்பு தன் இடத்தில் போய் விழும் ஓசை என்று நினைக்கிறோம். 2015 இல் கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து நெட்டி முறித்துப் படம் பிடித்தார்கள். மூட்டு விரியும் கணத்தில் அதனுள்ளே இருக்கும் திரவத்தில் ஒரு வாயு வெற்றிடம் தோன்றுகிறது. ஓசை எழுவதும் அப்போதுதான். பிள்ளைகள் விரலில் நெட்டி முறிக்கும்போது எந்த எலும்பும் இடம் மாறுவதில்லை அல்லவா? முதுகிலும் அதே சங்கதிதான்.

இதையெல்லாம் கேட்டு, கைரோபிராக்டிக் முழுப் பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2019 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, நாட்பட்ட நாரி நோவுக்கு முள்ளந்தண்டைக் கையாளும் சிகிச்சை பற்றிய 47 பரிசோதனைகளை, 9,211 நோயாளரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி முதலிய பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் பலனையே இதுவும் தருகிறது என்பது அதன் முடிவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் இதனை ஏற்கத்தக்க சிகிச்சைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதே வழிகாட்டல், இடுப்புப் பட்டியை வழமையான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

நாரி நோவுக்கு அப்பால் போகும்போதுதான் வம்பு. 2008 இல் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் லண்டன் கார்டியன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளின் வயிற்றுவலி, காதுநோய், ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் கைரோபிராக்டர்கள் உதவலாம் என்று ஆதாரமின்றிப் பரப்புகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பிரித்தானிய கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 ஏப்ரலில் சிங் பக்கம் சாயவே, அந்த மாதமே சங்கம் வழக்கைக் கைவிட்டது. இங்கிலாந்தின் மானநஷ்டச் சட்டம் 2013 இல் திருத்தப்பட்டதற்கு அந்த வழக்கும் ஒரு தூண்டுகோல். பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்.

நிற்க. வாடியில் இருந்தவரின் கேள்விக்கு வருவோம். அவருக்கு எவரோ 'டிஸ்க் விலகியிருக்கிறது' என்று படம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தைதான் நோவைவிட அவரை முடக்கியது. முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டு சவர்க்காரம்போல் வழுக்கி ஓடுவதில்லை. வயதோடு தேய்ந்து பிதுங்குகிறது. நோ எதுவுமே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015 இல் தொகுத்தபோது, இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் தட்டுப் பிதுக்கம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோய் அன்று. நாரி நோ பெரும்பாலும் எந்த ஒரு என்பையோ தட்டையோ சுட்டிக் குற்றம் சாட்ட முடியாத நோவாகவே இருக்கிறது. புதிதாக வந்தது அநேகமாகச் சில வாரங்களில் தணிகிறது. 'ஆடாமல் அசையாமல் படு' என்ற பழைய அறிவுரையோ 1986 இலேயே அடிபட்டுப் போயிற்று. இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே அளவில்தான் குணமடைந்தார்கள். இரண்டு நாளோடு எழும்பியவர்கள் வேலைக்குச் சீக்கிரம் திரும்பினார்கள்.

ஆனால் எல்லா நாரி நோவும் இப்படிப்பட்டதன்று. எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் பணியில் இருந்த ஒருவருக்கு முதுகு உளைவு வந்தது. பிசகு என்று சொல்லி நான்கு மாதம் ஒருவர் எண்ணெய் போட்டு உருவினார், திருப்பினார், கட்டினார். மாலையில் காய்ச்சல் வந்ததையும் உடல் மெலிந்ததையும் நாங்கள் கண்டோம். இரண்டையும் முதுகோடு சேர்த்து யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. முள்ளந்தண்டில் சயரோகம். கண்டுபிடித்தபோது ஒரு கால் சோர்ந்துவிட்டது. அதன் பின் அவர் ஊன்றுகோலோடுதான் வேலைக்கு வந்தார். அரித்த எலும்பைத் திருப்புவது எவ்வளவு ஆபத்து என்பதை அப்போதுதான் அறிந்தேன். காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால், முன்னர் புற்றுநோய் இருந்திருந்தால், விழுந்தபின் நோ வந்தால், கால் சோர்ந்தால், தொடையிடுக்கில் விறைத்தால், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமலோ வெளியேறாமலோ போனால், எந்தக் கையையும் முதுகில் வைக்க விடாமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்ன இரண்டு மூன்றுக்கும் ஒரு நாள் தாமதமும் கூடாது. கழுத்தைச் சடாரென்று திருப்புவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வருவது அரிது என்றாலும், வந்தால் திருத்த முடியாதது.

அவருக்கு அந்தக் குறிகள் ஒன்றும் இல்லை. "தம்பி, சங்கிலியை வைக்க வேண்டாம். மன்னார் பொது வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டி இயன்மருத்துவப் பிரிவுக்குத் துண்டு எழுதுவித்துப் போம். பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கழற்றும். நடவும்" என்றேன். "அங்க போனால் ஒரு நாள் கூலி போயிடும் ஐயா" என்றார். இலவச வைத்தியத்திலும் இந்தச் செலவு ஒன்று இருக்கிறது. தலைமன்னாரிலிருந்தோ சிலாவத்துறையிலிருந்தோ வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வரச்சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? இயன்மருத்துவர் ஒருவர் மாதம் இரு முறை கரையோரக் கிராமங்களுக்குப் போனால், எந்தக் காணொளியும் தராத பலன் கிடைக்கும் என்பது என் எண்ணம். நாரி நோ ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. கருவாட்டுக்கு மீன் வெட்டிக் குந்தியிருக்கும் பெண்களை எவரும் கேட்பதேயில்லை.

இன்னொன்று. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பதைக் கடற்றொழில் திணைக்களம் தடுத்ததும், தொழிலாளர் எதிர்த்ததும் அண்மைய ஆண்டுகளின் செய்திகள். கடலடி பாழாகிறது, மீன்குஞ்சு அழிகிறது என்பது ஒரு வாதம். இழுக்க ஆளில்லை, இளைஞர்கள் வருவதில்லை என்பது மறுவாதம். இயந்திரம் வந்தால் இருபது பேரின் கூலி போகும் என்பதும் உண்மைதான். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வழக்கில் நாரி ஒரு சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. கடலடிக்குச் சேதமில்லாத வேகத்தில், அளவான விசையில் கயிற்றை மட்டும் இழுக்கும் பொறி ஒன்றை நமது பல்கலைக்கழகப் பொறியியற் பீடங்கள் அமைத்துக் கொடுக்க முடியாதா? இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள், வாடி நிழலில் பட்டி கட்டி இருப்பவரைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினேன். மூன்று தடவை வைத்தியசாலைக்குப் போய் வந்தாராம். நான்கு பயிற்சிகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். அதில் ஒன்றைச் செய்யும்போது பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். நோ முற்றாகப் போகவில்லை. வலை இழுக்க இன்னும் இறங்கவில்லை, மடியில் மீன் பிரிக்கிறார், கூலி பாதி. சங்கிலி வீட்டில்தான் இருக்கிறதாம்.