நாலு வீலும் சுத்தினா தேரி வழி விட்டுருமா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டி வச்சிருக்கிறவங்க மேல எனக்கு எந்தக் காண்டும் கிடையாது. சொல்லப்போனா ஜீப்புன்னா எனக்கு உசுரு. இந்தப் பதிவு, "நாலு வீலும் சுத்துற வண்டி இருக்கு, பின்னாடி கேம்பர் டிரெய்லர் இருக்கு, இனி எந்த மணல்லயும் இறங்கலாம்"னு நினைக்கிற அந்த நெனப்புக்கு எதிரானது. அந்த நெனப்பு ஆளைக் கொல்லும். மிகையா சொல்லலீங்க, நெசமாவே கொல்லும். எப்படின்னு கீழ வருது, பொறுமையா படிங்க.

எங்க பக்கம் ஜூன் பொறந்து குத்தாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா தென்காசிக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் போன் வர ஆரம்பிச்சிரும். "மாப்ள, தண்ணி விழுதா? ரூம் கிடைக்குமா?" இது காலங்காலமா உள்ளது, நமக்கும் பழகிருச்சு. இப்ப கொஞ்ச வருஷமா ஒரு புதுக் கேள்வி. "மெயின் அருவில குளிச்சிட்டு அப்படியே தேரிக்காட்டுக்குப் போய் வண்டியை இறக்கலாமா? டிரெய்லரை மேல ஏத்தி கேம்ப் போட்டா செம வியூவாம்ல?" எவனோ ஒருத்தன் செம்மண் மேட்டுல வண்டியை நிறுத்தி வீடியோ போட்டுருக்கான். அவ்வளவுதான். அவன் எப்படி வெளிய வந்தான்னு அந்த வீடியோவுல இருக்காது.

தேரி தெரியாத பதிவுலக மக்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் இருக்கிற சிவப்பு மணல் மேடுகளுக்குத்தான் தேரின்னு பேரு. குதிரைமொழித் தேரி, இட்டமொழித் தேரி எல்லாம் இதுல சேர்த்தி. மணலுக்கு மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சிருக்கிறதால அந்தச் சிவப்பு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, குத்தாலத்துல நம்ம தலையில சாரல் தெளிக்கிற அதே தென்மேற்குக் காத்துதான் தேரியில மணலைத் தூக்கி அடிக்குது. மலைக்கு மேற்கயே மழையை எல்லாம் கொட்டிட்டு, கணவாய் வழியா இறங்கும்போது காஞ்ச காத்தா வரும். ஆக நீங்க சீசனுக்கு வர்ற அந்த மாசங்கள்தான் தேரி மணல் ரொம்ப ஓடுற மாசங்களும். குத்தாலமும் தேரியும் ஒரே டூர்ல பிளான் போடறவங்க இதை முதல்ல மண்டையில ஏத்திக்கணும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மணல்ல வண்டி போறதுக்கும் நாலு வீல் சுத்துறதுக்கும் சம்பந்தம் இருக்கு. ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. ஒரு கணக்கு போடுவோம். 1700 கிலோ வண்டி. ஒரு டயருக்கு ஏறக்குறைய 425 கிலோ. டயர்ல 32 பி.எஸ்.ஐ. காத்து இருந்தா, அந்த 425 கிலோவும் ஒரு உள்ளங்கையை விரிச்சு வச்ச அளவு இடத்துலதான் நிக்குது. அதே டயர்ல காத்தை 16-க்கு இறக்கினா அந்த இடம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும். டயர் அகலமாகறதை விட நீளமாத்தான் படியும், டிராக்டர் செயின் மாதிரி. மணலைத் தோண்டாம மணல் மேல ஏறி உக்காரும். இவ்வளவுதாங்க ரகசியம். 32 பி.எஸ்.ஐ.-ல நாலு வீலையும் சுத்த விட்டா என்ன ஆகும்? ரெண்டு குழிக்குப் பதிலா நாலு குழி தோண்டுவீங்க.

நம்ப மாட்டீங்கன்னா சரித்திரத்தைப் பாருங்க. ரால்ஃப் பேக்னால்டுன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1930 வாக்குல எகிப்து, லிபியா பாலைவனத்துல இருக்கிற பெரிய மணல் கடலுக்குள்ள ஃபோர்டு மாடல் ஏ காரை ஓட்டிக்கிட்டுப் போனவர். அது டூ வீல் டிரைவ் கார். டயர்ல காத்தை இறக்கு, சிக்கினா சக்கரத்துக்கு அடியில இரும்புத் தகடு போடு. இதுதான் அவரோட வித்தை. 1940-ல இவரே ராணுவத்துக்காக பாலைவன ரோந்துப் படை ஒண்ணை உருவாக்கினார். அந்தப் படை பெரும்பாலும் ஓட்டினதும் டூ வீல் டிரைவ் செவர்லே லாரிதான். நடுவுல ஃபோர் வீல் டிரைவ் ஃபோர்டு லாரியும் வந்துச்சு. பெட்ரோலை ரொம்பக் குடிக்குதுன்னு மறுபடியும் செவர்லேவுக்கே போயிட்டாங்க. மணல் எப்படி நகருதுன்னு 1941-ல புத்தகமே போட்ட மனுஷன் அவர். அவருக்கு வேணாம்னு பட்டது, வண்டி வாங்கி மூணு மாசமான நமக்கு வேதவாக்கா இருக்கு :)

இன்னொரு பக்கம், கண்ணூர் பக்கத்துல முழப்பிலங்காடு பீச்சுல சாதாரண குடும்பக் காரே ஜாலியா ஓடுது. ஏன்? அது ஈரமா இறுகிப்போன மணல். தேரி மணல் அப்படிக் கிடையாது. வெயில் ஏற ஏற இன்னும் உதிரியாகும். காலையில ஏறின மேட்டுல மத்தியானம் இறங்கி ஏற முடியாது. ஆக மணல் எப்படிப்பட்டது, டயர்ல காத்து எவ்வளவு, இந்த ரெண்டும்தான் முக்கியம். பின்னாடி ஒட்டியிருக்கிற ஃபோர் வீல் ஸ்டிக்கருக்கு அதுக்கப்புறம்தான் இடம்.

இப்ப டிரெய்லரைக் கட்டுவோம். தார் ரோட்டுல ஒரு டன் டிரெய்லரை இழுக்க பதினஞ்சு இருபது கிலோ இழுவிசை போதும். ஒரு ஆள் தள்ளினாலே நகரும். அதே டிரெய்லருக்குப் பொலபொல மணல்ல 200, 300 கிலோ இழுவிசை வேணும். பத்துப் பதினஞ்சு மடங்கு! அந்தச் சக்கரம் தானா சுத்தாது, மணலை முன்னாடி குவிச்சுக்கிட்டே வரும். அதாவது கப்பலுக்கு நங்கூரம் போட்டுட்டு இன்ஜினை முறுக்குற மாதிரி. போதாததுக்கு டிரெய்லரோட மூக்கு வண்டி பின்பக்கத்தை அமுக்கும், முன்சக்கரம் லேசாயிரும். டிரெய்லர் சக்கரம் வண்டி போட்ட தடத்துலயே வராம தள்ளி வந்தா அதுக்குன்னு புதுசா ஒரு பள்ளம் வெட்டும்.

எல்லாத்தையும் விட பெரிய கொடுமை, ரிவர்ஸ். வண்டி மட்டும் சிக்கினா வந்த தடத்துலயே பின்னாடி வந்துரலாம். மணல்ல இதைவிட நல்ல மருந்து கிடையாது. டிரெய்லர் கோத்திருந்தா அந்தக் கதவும் சாத்தியாச்சு. பின்னாடி எடுத்தா டிரெய்லர் மடங்கி வண்டி மேலயே சாயும்.

அப்புறம் என்ன பண்ணுவாங்க? பக்கத்து ஊருக்குப் போய் டிராக்டரைக் கூப்பிடுவாங்க. இங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது.

டிராக்டர் தம்பி வருவான். இருபது, இருபத்திரெண்டு வயசு இருக்கும். "எங்க சார் மாட்ட?"ம்பான். நம்மாளு டிரெய்லர் கோக்கிற உருண்டைக் கொக்கியைக் காட்டுவாரு. ஐயா சாமிகளா, அந்த உருண்டை டிரெய்லரை ரோட்டுல இழுக்கிறதுக்குச் செஞ்சது. புதைஞ்ச வண்டியைப் பிடுங்கறதுக்கு இல்ல. இழுக்கும்போது அது முறிஞ்சா, விறைச்சு நிக்கிற கயித்தோட முழு வேகத்துல பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவுல இப்படி உருண்டை பறந்து வந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. கயிறு இழுக்கிற திசையில இருக்கிறது யாரு? அந்தத் தம்பிதான்.

இன்னொண்ணும் இருக்கு. சங்கிலியை டிராக்டரோட அடிக் கொக்கியில மாட்டாம, இடம் வசதியா இருக்குன்னு மேல அச்சுலயோ அதுக்கும் மேலயோ மாட்டி, புதைஞ்ச வண்டியைச் சடார்னு இழுத்தா என்ன ஆகும்னு தெரியுமா? பின்சக்கரம் பிடிச்சுக்கும். வண்டி அசையாது. அப்ப டிராக்டரோட முன்பக்கம் தூக்கும். ஓட்டுறவன் கிளட்சை மிதிக்கிறதுக்குள்ள டிராக்டர் பின்னாடி கவுந்து அவன் மேலயே விழும். நம்ம பக்கம் முக்காவாசி டிராக்டர்ல தலைக்கு மேல காப்புக் கம்பியே கிடையாது. உங்க ஞாயித்துக்கிழமை சாகசத்துக்கு அவன் ஏன் உசுரைப் பணயம் வைக்கணும்? கையில ஆயிரமோ ரெண்டாயிரமோ திணிச்சுட்டா கணக்கு தீர்ந்துருமா? நீங்க "செம எக்ஸ்பீரியன்ஸ்"னு தலைப்பு போடுவீங்க. அவன் பேரு அதுல ஒரு ஓரத்துலயாவது இருக்குமா?

"ஆஸ்திரேலியாவுல எல்லாரும் பண்றாங்களே"ன்னு ஒரு குரூப் கிளம்பும். ஆமாங்க, பண்றாங்க. எப்படிப் பண்றாங்கன்னும் பாருங்க. கேகாரின்னு ஒரு தீவு, பழைய பேரு ஃப்ரேசர் தீவு, 2023-ல பேரை மாத்தினாங்க. முழுக்க மணல் தீவு. அங்க வண்டியை இறக்க அனுமதிச் சீட்டு வாங்கணும். கடற்கரைக்கு வேக வரம்பு இருக்கு. அலை ஏறுற நேரம் பாத்துத்தான் ஓட்டணும். மணல் மேட்டு மேலயும் செடி மேலயும் ஏத்தக் கூடாது. அவங்ககிட்ட இருந்து டிரெய்லரை மட்டும் இறக்குமதி பண்ணிட்டு, சட்டதிட்டத்தை அங்கயே விட்டுட்டு வந்தா எப்படி?

"யாருமே இல்லாத பொட்டல் காடுதானே, என்ன கெட்டுப் போச்சு?" இது அடுத்த கேள்வி. யாரு சொன்னா யாருமில்லன்னு? பனையும் கொல்லாமரமும் உடையும் வேர் விட்டு அந்த மணலைப் பிடிச்சு வச்சிருக்கு. மணல் நகர்ந்து ஊரை மூடாம இருக்க மெனக்கெட்டு மரம் வச்சு வளத்த இடம் அது. மேல இருக்கிற செடியையும் கொடியையும் சக்கரம் அரைச்சிட்டுப் போனா அடுத்த ஆடிக் காத்துக்கு அந்த மணல் கிளம்பி யாரோ ஒருத்தர் தோட்டத்துக்குள்ள போய் விழும். தேரிக்குள்ள கற்குவேல் அய்யனாரும் அருஞ்சுனை காத்த அய்யனாரும் இருக்காங்க. கற்குவேல் அய்யனார் கோவில்ல கள்ளர் வெட்டு திருவிழா முடிஞ்சதும் அந்த மண்ணைச் சனங்க வீட்டுக்கு அள்ளிட்டுப் போவாங்க. உங்களுக்குப் பொட்டல், அவங்களுக்குத் திருநீறு மாதிரி.

இன்னும் ஒண்ணு. மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துத் தேரிகள்ல விரல் நக அளவுக்கு இருக்கிற கல் கருவிகள் கிடைச்சிருக்கு. ஆதி மனுஷன் செஞ்சது. சாய்னர், ஆல்சின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1956-ல இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்க. இந்தக் கருவிகளைத் தேடி ரொம்ப ஆழம் தோண்ட வேண்டாம், காத்து மணலை விலக்கினா மேலயே கிடக்கும். அது மேல உங்க டயர்.

சட்டம் பேசுறவங்களுக்கு: தேரியில ரிசர்வ் ஃபாரஸ்ட்டா இருக்கிற பகுதிக்குள்ள அனுமதியில்லாம நுழையறதே குற்றம். மிச்சத்துல பட்டா நிலம் இருக்கு, அதுக்கு முதலாளி இருக்காரு. "தெரிஞ்ச ஆளோட பட்டா"ன்னு சொன்னா சந்தோஷம், அவர் வேலிக்குள்ளயே ஓட்டுங்க.

"அப்ப டூரிசமே வேணாமா, நீ மட்டும் அருவில குளிச்சுக்கிட்டு இருப்பியா?"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். வாங்க. தாராளமா வாங்க. நான் கேக்கிறது இவ்வளவுதான்:

1. டிரெய்லரைத் தார் ரோட்டு ஓரமாவோ கோவில் பக்கம் கெட்டித் தரையிலயோ கழட்டி வச்சிருங்க. தேரியை நடந்து பாருங்க. ரெண்டு கால் போதும், மணலுக்கும் அதான் பிடிக்கும்.

2. அனுமதி உள்ள இடத்துல, ஏற்கெனவே இருக்கிற தடத்துல ஓட்டியே ஆகணும்னா, இறங்குறதுக்கு முன்னாடியே காத்தை இறக்குங்க. சிக்கினப்புறம் இறக்கறது ரெண்டாம்பட்சம். டிரெய்லர் கூட வந்தே தீரும்னா அதோட டயருக்கும் சேர்த்து இறக்குங்க.

3. நிறுத்தணும்னா பிரேக்கை மிதிக்காம தானா நிக்க விடுங்க. சக்கரம் நின்ன இடத்துல சுத்த ஆரம்பிச்ச அந்த நொடியே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. மம்பட்டி எடுத்து சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மணலைத் தள்ளுங்க.

4. உருண்டைக் கொக்கியில கயிறு மாட்டவே மாட்டாதீங்க. சேஸிஸோட இருக்கிற இழுவைக் கொக்கிக்குத்தான் கயிறு. இழுக்கும்போது கயித்துப் பக்கம் ஒரு குஞ்சு குளுவான் நிக்கக் கூடாது.

5. தார் ரோட்டுக்கு வந்ததும் காத்தடிக்காம நகராதீங்க. 16 பி.எஸ்.ஐ.-ல தென்காசி வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல அழுத்தினா டயர் பக்கவாட்டுல சூடேறி வெடிக்கும். பம்ப் இல்லாதவங்க மணல்ல இறங்க யோக்கியதை இல்லாதவங்க.

6. டிராக்டர் தம்பியைக் கூப்பிட்டுத்தான் ஆகணும்னா, சங்கிலி அடிக் கொக்கியில மாட்டியிருக்கான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க. முதல்ல மம்பட்டியால தோண்டி பாதி வேலையை முடிங்க. கடைசி இழுப்புதான் டிராக்டருக்கு. பேரம் பேசாதீங்க.

வண்டியோட பவர் விளம்பரத்துல தெரியும். ஓட்டுறவன் லட்சணம், அவன் எந்த இடத்துல இறங்காம திரும்பி வர்றான்கிறதுல தெரியும். எங்க ஊர்ல அருவியில தண்ணி கூடி சிவப்புக் கொடி கட்டினா, எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு திரும்பிருவான். யாரும் அவனைக் கோழைன்னு சொல்றது கிடையாது. தேரிக்குக் கொடி கட்ட ஆள் இல்ல, அந்தக் கொடியை நம்மளேதான் கட்டிக்கணும்.

டிஸ்கி: மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா கும்மலாம். "நான் முப்பது பி.எஸ்.ஐ.-லயே டிரெய்லரோட ஏறிட்டேன்"கிறவங்க மட்டும் இறங்கி வந்த கதையையும் சேர்த்து எழுதுங்க :)